கேட்க நாதியில்லாத நாடு

நெட்டையன் வாழ்நாளில் யார் வீட்டு வாசலிலும் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவன் இல்லை. கடையில் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். அப்பேர்ப்பட்டவன் கைப்பேசிக்குள் மட்டும் ஏழு மாதத்தில் நாற்பத்துச் சொச்சம் நாடுகளைக் கொள்ளையடித்திருந்தான்.

அது ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு நாடு. நிலம் திருத்தி, ஊர் கட்டி, சுரங்கம் தோண்டி, சனங்களுக்குச் சோறு போட்டு ஆளவேண்டும். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் பொறுமையாக ஆண்டுகொண்டிருந்தார்கள். நெட்டையனுக்கு அந்தப் பொறுமை இல்லை. இரும்பையும் எண்ணெயையும் தானியத்தையும் தானே விளைவிப்பதைவிட, விளைவித்து வைத்திருப்பவனிடம் போய் அள்ளிக்கொள்வது சுலபம் என்று இரண்டாவது வாரமே கண்டுகொண்டான். கூட்டணியில் இருக்கிற நாட்டைத் தொட்டால் பத்துப் பேர் சேர்ந்து வந்து மொத்துவார்கள். அதனால் கூட்டணியில் சேராத, படை வைக்காத, கேட்க நாதியில்லாத நாடாகப் பார்த்து இறங்குவான். அங்கே அவன் பெயர் பருந்து. ஒரே நாட்டில் தினமும் இறங்கி அள்ளுவதைக் கொள்ளைக்காரர்கள் 'வயல் வைத்திருப்பது' என்பார்கள். நெட்டையனிடம் அப்போது நல்ல விளைச்சலுள்ள வயல் ஒன்று இருந்தது. நாட்டின் பெயர் தூக்கணாங்கூடு. ஆள்பவர் பெயர் அரசு.

கொள்ளைக்குப் பிறகு ஒரு வரி எழுதி அனுப்புவது அவன் வழக்கம். ஆரம்பத்தில் எவனையோ மிரட்ட யோசித்து எழுதிய வரி. நன்றாக அமைந்துவிட்டதால் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தான். "நீங்க தூங்கற நேரம் எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிக்கிட்டாலும் வருவேன்."

பிழைப்புக்கு அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த மாதம் பதினாலு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. அங்கிருந்த இரண்டு லிஃப்டில் ஒன்றை நிறுத்தி, கம்பிக்கயிறுகளை மாற்றி, பக்கத் தண்டவாளங்களைச் சரிபார்த்து, எண்ணெய் போட்டுக் கொடுக்கவேண்டும். ஒரு மாதக் குத்தகை. கூட்டாளி ஒருவன் உண்டு. லிஃப்ட் குழியின் தூசி பட்டாலே ஏழெட்டுத் தும்மல் போடுவான் என்பதால் அவனுக்குத் தும்மல் என்றே பெயர். தும்மல் மேலே மெஷின் ரூமில் இருப்பான். நெட்டையன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி மாடி மாடியாக ஏறி இறங்குவான். மதியம் இரண்டு பேரும் கீழே வரவேற்புக் கூடத்தின் சோபாவில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். ஒரு கையில் சாப்பாடு, மறு கையில் நெட்டையனுக்குப் படையெடுப்பு.

"இன்னைக்கு எவன் தலையில கை வச்ச?" என்று தும்மல் கேட்பான்.

"அதே அரசுதான். அடிக்க அடிக்கப் படையே கட்டமாட்டேங்கறான், மச்சான். கோதுமையா விதைச்சுக்கிட்டிருக்கான்."

அரசு பதிலுக்குத் தினமும் ஒரு வரிதான் எழுதுவார். "தானியத்தை மட்டும் விட்டுடுங்க. சனங்க பட்டினி கிடக்கறாங்க." நெட்டையன் அதைத் தும்மலுக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பான். மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வழக்கமான வரியை அனுப்பிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

"நீங்க லிஃப்ட் வேலை பாக்கறவர்தானே?"

நெட்டையன் இரண்டு தடவை வாசித்தான். மூன்றாவது தடவை வாசிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"வலது கை கட்டை விரல்ல கட்டு போட்டிருக்கீங்க."

போட்டிருந்தான். முந்தின நாள் கம்பிக்கயிற்றின் பிசிறு கிழித்த காயம். விளையாட்டில் அவன் தன் பெயரைச் சொன்னதில்லை, ஊரைச் சொன்னதில்லை, படம் போட்டதில்லை. எவனோ ஒருவன் இங்கேதான் எங்கோ இருக்கிறான். அவன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நெட்டையன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். கண்ணாடிக் கதவருகே காவலாளி. பாஸ் எழுதிக் கொடுக்கிற ரிசப்ஷன் பெண். ஓடுகிற ஒரே லிஃப்டுக்காக வரிசையில் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேர் கையில் கைப்பேசி. கட்டடத்தில் வேலை செய்பவர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது. எவன் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

கைப்பேசியைக் காட்டினான். தும்மல் வாசித்துவிட்டுச் சிரித்தான். "எவனோ உன்கிட்ட விளையாடறான். நீ எத்தனை பேருகிட்ட விளையாடின!"

"விளையாட்டு இல்லடா இது. நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா என்ன? கோதுமைக்காக ஆளை வெட்டுவானா?"

வெட்டமாட்டான் என்றுதான் நெட்டையனும் நினைக்கப் பார்த்தான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் பெட்டியின் கூரையில் ஏறி நின்றதும் அந்த நினைப்பு நிற்கவில்லை. காலுக்குக் கீழே ஒன்பது மாடிப் பள்ளம். முதுகுக்குப் பின்னால் எதிர்எடை போகிற வழி. அந்த இரும்புப் பாளங்கள் நழுவி இறங்கும்போது தலையை நீட்டிக்கொண்டிருந்தால் அதோடு சரி. பதினோரு வருடமாக அவன் அந்த இடத்தில் தைரியமாக நின்றதற்கு ஒரே காரணம், பெட்டியை அசைக்கும் பொத்தான் தன் கையில் மட்டும் இருக்கிறது என்ற நம்பிக்கை. அன்றைக்கு நிறுத்து சுவிட்சைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று மூன்று தடவை தடவிப் பார்த்தான்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலை எடைபோடுகிறவள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. அலைச்சல்."

"அப்பா பொய் சொல்றாரு," என்றாள் எட்டு வயது மகள், கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "பொய் சொன்னா அப்பா காதைச் சொறிவாரு."

காதிலிருந்து கையை எடுத்தான். பிள்ளையின் பள்ளிக்கூடம் எது என்று அந்த ஆளுக்குத் தெரியுமோ என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் கம்பெனியின் மேற்பார்வை மேடத்தைக் கூப்பிட்டு, "வேற சைட் மாத்திக் குடுங்க மேடம்," என்று கெஞ்சினான்.

"கயிறு பாதி மாத்தின நிலையிலயா? காரணம் சொல்லுங்க."

காரணத்தை எப்படிச் சொல்வது? நான் தூக்கணாங்கூட்டில் கொள்ளையடித்தேன், அதனால் பயமாக இருக்கிறது என்றா? "ஒண்ணுமில்ல மேடம்," என்று வைத்துவிட்டான்.

அன்று காலை கட்டடத்துக்குள் நுழைந்ததும் வேலைக்குப் போகாமல் கால் மணி நேரம் வரவேற்புக் கூடத்திலேயே நின்றான். வருகிற ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தான். காவலாளியைப் பார்த்தான். கூரியர்காரனைப் பார்த்தான். பாஸ் வாங்கும்போது ரிசப்ஷன் பெண்ணிடம், "இங்க யாராவது என்னைப் பத்தி விசாரிச்சாங்களா?" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையசைத்தாள். பேனா அவள் கையிலிருந்து நழுவி உருண்டதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே பெட்டியை நிறுத்தி, தண்டவாளத்தின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். மேலே தும்மலின் தும்மல் சத்தம் சற்று முன்புவரை கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை என்பது திடீரென்று உறைத்தது.

"மச்சான்!"

பதிலில்லை.

"டேய், இருக்கியா?"

மேலே மெஷின் ரூமில் காலடிச் சத்தம் கேட்டது. தும்மலுடைய நடை இல்லை அது. தும்மல் ரப்பர் செருப்பு போட்டவன், இது ஷூ. ஒருவர் இல்லை, இரண்டு பேர். கயிறுகள் இறங்கும் துவாரங்களின் வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்தது. டக் டக்கென்று சுவிட்சுகள் விழும் ஓசை. அவன் தலைக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. குழியின் விளக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகச் செத்தன.

இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. நெட்டையன் கயிறுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எண்ணெய்ப்பசையில் கை வழுக்கியது. மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பெட்டி ஓர் அங்குலம் அசையாது. அது அவனுக்கு மனப்பாடம். ஆனால் மெஷின் ரூமில் நிற்கிறவன் நினைத்தால் அந்தப் பிரேக்கைக் கையாலேயே விடுவிக்கலாம். அதுவும் அவனுக்கு மனப்பாடம். அறிந்தவனுக்கு இருட்டில் பயம் இரண்டு மடங்கு.

"யாரு மேல? ஆள் இருக்கேன்! கீழ ஆள் இருக்கேன்!"

கத்தியது குழிக்குள்ளேயே சுற்றி அவனிடமே திரும்பி வந்தது. மேலே யாரோ தணிந்த குரலில் பேசினார்கள். ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒன்றுமில்லை.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. விளையாட்டிலிருந்துதான். அரசு.

"இப்ப உங்களால எங்கயும் போக முடியாது."

நெட்டையன் பெட்டியின் கூரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான். தும்மலைக் கூப்பிட்டான், மணியடித்தது, எடுக்கவில்லை. மறுபடி முயன்றபோது சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கி, அழைப்பே போகவில்லை. மனைவிக்கும் போகவில்லை. செய்தி மட்டும் திக்கித் திணறிப் போயிற்று. எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவது என்று தெரியாமல், தன்னைப் பிடித்து வைத்திருக்கிறவனையே கூப்பிட்டான்.

"ஐயா, தப்புதான். உங்க இரும்பு, எண்ணெய், தானியம் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். என்னை விட்டுடுங்க. எனக்கு எட்டு வயசுல பொண்ணு இருக்கா."

எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். அது போய்ச் சேர ஒரு நிமிடமாயிற்று. பதில் வர இன்னும் இரண்டு.

"முதல்ல சொல்லுங்க. என் வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புரியவில்லை. "உங்க வீடா? எனக்கு எப்படித் தெரியும்? நீங்க யாருன்னே தெரியாதே!"

"பொய். நான் தூங்கற நேரம் தெரியும்னு எழுதினீங்க. பூட்டினாலும் வருவேன்னு எழுதினீங்க. இருபது நாளா தினமும்."

நெட்டையன் அந்த வெளிச்சத் துண்டை வெறித்துப் பார்த்தான். கட்டை விரல் வலித்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

"அது சும்மா கேமுக்கு எழுதினது. நீங்க கடைசியா எப்ப ஆன்லைன் வந்தீங்கன்னு கேம்லயே காட்டும். அதை வச்சுதான் தூங்கற நேரம்னு எழுதினேன். கதவுன்னா உங்க நாட்டு எல்லை. எல்லாருக்கும் இதே வரியைத்தான் அனுப்பறேன். சத்தியமா."

பதில் வரவே இல்லை. இருட்டில் எங்கோ சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடமோ, ஐம்பது நிமிடமோ.

"எல்லாருக்குமா?"

"ஆமாங்க."

"நான் தனியா இருக்கறவ. இருபது நாளா அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறேன். போன வாரம் சார்ஜ் போடச் சொல்லி உங்க போனை என் கவுண்டர்ல குடுத்தீங்க. திரையில 'பருந்து, தூக்கணாங்கூட்டில் வெற்றி'ன்னு வந்துச்சு. நான் இருக்கற கட்டடத்துக்கே வந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

அந்த வரிகள் நெட்டையனுக்குள் மெல்ல இறங்கின. ரிசப்ஷன் பெண். தினமும் காலையில் பாஸ் எழுதிக் கொடுப்பவள். பத்தடி தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்க, சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவளுடைய தானியத்தைத்தான் அள்ளியிருக்கிறான். அவள் கெஞ்சியதை அவள் இருந்த கூடத்திலேயே வாசித்துச் சிரித்திருக்கிறான்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு உங்களுக்குக் காட்டினா பயந்து நிறுத்திடுவீங்கன்னுதான் நேத்து அப்படி எழுதினேன்," என்று அடுத்தது வந்தது. "இன்னைக்குக் காலையில நீங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா உத்துப் பாத்தீங்க. என்கிட்டயே வந்து விசாரிச்சீங்க. என்னைத் தேடறீங்கன்னு நினைச்சு மானேஜர்கிட்டச் சொல்லிட்டேன்."

"நான் பயந்து போய்ப் பாத்தேங்க," என்று எழுதினான் நெட்டையன். எழுதும்போதே கண்ணில் நீர் முட்டியது. எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

சற்று நேரத்தில் விளக்குகள் எரிந்தன. மேலே அடுக்கடுக்காக ஏழு தும்மல் கேட்டது. அதைவிட இனிமையான சங்கீதத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

ஒன்பதாவது மாடிக் கதவு வழியாக வெளியே வந்தபோது மானேஜரும் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவன் இறங்கி ஓடிவிடக் கூடாதென்று, எது எதற்கு என்று தெரியாமல் இருந்த சுவிட்சையெல்லாம் இறக்கிவிட்டவர் மானேஜர்தான். தும்மலைத் தனியறையில் உட்கார வைத்து, கைப்பேசியைப் பிடுங்கி வைத்து விசாரித்திருந்தார்.

"குழிக்குள்ள ஆள் இருக்கறப்ப மெயினை இறக்கலாமா சார்?" என்று தும்மல் அவரிடம் எகிறினான். "செத்திருந்தா?"

"பொம்பளைப் பிள்ளைக்கு வீடு தேடி வருவேன்னு எழுதலாமா?" என்று மானேஜர் திருப்பிக் கேட்டார். தும்மல் வாயை மூடிக்கொண்டான். அரசின் பதில்களைப் படித்துச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

நெட்டையன் லிஃப்டில் இறங்காமல் ஒன்பது மாடியும் படியில் இறங்கினான். ரிசப்ஷன் பெண் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கனமான ஸ்டேப்ளர் ஒன்றைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். அவன் நெருங்க நெருங்க அவள் பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் நாலடி தள்ளியே நின்றுவிட்டான்.

"மன்னிச்சுடுங்க," என்றான்.

"சரி," என்றாள். மன்னித்த குரல் இல்லை அது. "எல்லாருக்கும் அனுப்பினேன்னு சொன்னீங்களே. எத்தனை பேருக்கு?"

"நாப்பது பேருக்கு மேல இருக்கும்."

"அதுல எத்தனை பேரு என்னை மாதிரி தனியா இருக்கறவங்க?"

அவள் ஸ்டேப்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இரும்பு, எண்ணெய் எல்லாம் அனுப்பிடறேங்க..."

"எனக்கு வேண்டாம். அந்த நாட்டை இப்பத்தான் அழிச்சேன்," என்றாள். "அவங்களுக்கெல்லாம் எழுதுங்க. அது போதும்."

மறுநாளே மேற்பார்வை மேடம் அவனைக் கம்பெனிக்கு வரச்சொல்லி, எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்து, அந்தக் கட்டடத்திலிருந்து எடுத்துவிட்டார். குழியில் ஆளிருக்க மின்சாரத்தை நிறுத்தியதற்காக மானேஜருக்கும் ஒரு கடிதம் போயிற்று. எச்சரிக்கைக் கடிதத்தோடு வீட்டுக்குப் போனபிறகு மனைவியிடம் மறைக்க வழியில்லை. மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னான். இருட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை விட்டுவிட்டு, "அப்படி என்ன எழுதினீங்க? எனக்குப் படிச்சுக் காட்டுங்க," என்றாள்.

கைப்பேசியைத் திறந்தான். "நீங்க தூங்கற நேரம்..." என்று ஆரம்பித்தான். எதிரே தலைமுடியைக்கூட அவிழ்க்காமல் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அவள் கைப்பேசியை வாங்கித் தானே படித்தாள். படித்து முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"கடையில ஒரு அம்மா தூக்க மாத்திரை கேட்டு வருவாங்க," என்றாள். "ஏன்னு கேட்டா சொல்லமாட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

நெட்டையன் அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பழைய படையெடுப்புகளைத் தேடித் தேடி நாற்பத்து மூன்று பேருக்கு எழுதினான். இந்தத் தடவை ஒட்டி அனுப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டினான். "நான் உங்களுக்கு எழுதினது வெறும் வாய்ச்சவடால். நீங்க யாரு, எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. பயப்படாதீங்க." பதினெட்டு நாடுகள் அழிந்து போயிருந்தன, செய்தி திரும்பி வந்தது. ஒருவர் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருந்தார். ஒருவர் தன்னுடைய எண்ணெயைக் கேட்டார், அனுப்பி வைத்தான். இரண்டு பேர் "எந்த வரி?" என்றே கேட்டிருந்தார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றுமில்லை.

மலைக்கோட்டம் என்ற சின்ன நாட்டிலிருந்து சாயங்காலம் ஒரு பதில் வந்தது. "தெரியாதுன்னு நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?"

இருட்டில் மண்டியிட்டு உட்கார்ந்து சத்தியம் செய்தது அவனுக்கு நினைவு வந்தது. சத்தியத்தை யார் வேண்டுமானாலும் தட்டலாம். எதையெதையோ எழுதி அழித்தான். முடிவில் தன் உண்மைப் பெயரையும், கம்பெனியின் பெயரையும், கைப்பேசி எண்ணையும் எழுதினான். "சந்தேகமா இருந்தா நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க." அனுப்பும் பொத்தானின்மேல் விரலை வைத்து எடுத்தான். முகம் தெரியாத ஓர் ஆளிடம் தன்னைக் கொடுப்பது எப்படிப்பட்டது என்று அந்த வாரம்தான் கற்றிருந்தான். இருந்தும் அழுத்திவிட்டான்.

அன்று அழைப்பு வரவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை மதியம், வேறொரு கட்டடத்தில் தும்மலோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து மணியடித்தது. நெட்டையன் டப்பாவைக் கீழே வைத்தான். எடுத்தான். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"நான்தாங்க," என்றான். "எழுதினது நான்தான்."

வயதான ஆண்குரல் ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஒண்ணுமில்லப்பா. ஆளு எப்படிப் பேசறாருன்னு கேக்கலாம்னுதான் போட்டேன்," என்றது. பிறகு, "சாப்பிடற நேரமோ? சாப்பிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டது.